வாட்ஸ்அப் குரூப்பைப் பூட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்களில் வெட்டிப்பேச்சு பெருத்துவிட்டது, அட்மின் மட்டுமே செய்தி போடுகிற மாதிரி மாற்றிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் பாளையங்கோட்டையிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. நான் இருக்கிற தெருக் குரூப்பையே ஒரு சண்டைக்குப் பிறகு இப்படிப் பூட்டி வைத்துவிட்டு, சில மாதம் கழித்துத்தான் திறந்தார்கள். பூட்டியிருந்த காலத்தையும் திறந்திருந்த காலத்தையும் பார்த்தவன் என்பதால் அந்த வாசகருக்கு மறுப்பாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனாலும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அப்படி என்னதான் பேசுகிறோம்? காலையில் எழுந்ததும் பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று ஒருத்தர் போடுவார். 143 அடி அணை அது, ஐப்பசி கார்த்திகையில் மட்டம் ஏறிக்கொண்டே வந்தால் "அண்ணாச்சி, இன்னும் எத்தனை அடி பாக்கி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, மெயின் அருவியில் குளிக்க விடுகிறார்களா, ஐந்தருவியில் கூட்டம் எப்படி என்று ஒரே கேள்வி. மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைத்துவிட்டு இஞ்சிப் பச்சடி வைக்காத வீட்டைப் பற்றி இரண்டு நாள் வாதம் நடந்தது, அதில் அக்காமார்கள் ஒரு பக்கம், வெளியூரிலிருந்து இங்கே பெண் எடுத்த மாப்பிள்ளைகள் ஒரு பக்கம். கிரிக்கெட் நடக்கும்போது தோனியை இன்னும் ஆட விடுவது சரியா என்று அப்பாவும் மகனும் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு குரூப்பில் மோதுவார்கள். 2024 ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்ததே, அன்றைக்கு முழுக்க எங்கள் குரூப்பில் வேறு பேச்சே கிடையாது. வடம் பழசா, இழுத்த விதம் தப்பா, முன்னாலேயே சோதித்துப் பார்க்க வேண்டாமா என்று ஆளாளுக்கு ஒரு கருத்து, அதில் சிலது நல்ல கருத்தாகவே இருந்தது.

அந்த வாசகர் இதையெல்லாம் நேரம் போக்குவது என்கிறார். இப்படிப் பேசிப் பேசித்தான் ஒரு தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தருக்கொருத்தர் தெரிந்துகொள்கிறோம் என்பது என் கருத்து. முன்பு திண்ணையில் உட்கார்ந்தால் கிடைத்த விவரம் இப்போது இங்கேதான் கிடைக்கிறது. எங்கள் தெருவில் ஒரு மாமா டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். அவர் அதை அறிவிப்பாகப் போட்டதே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே "ஸ்கோர் என்னப்பா?" என்று கேட்பார், பையன்கள் பந்துக்குப் பந்து எழுதுவார்கள், அப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் கேன் போடுகிற தம்பி புதிதாகக் குட்டி யானை வாங்கியபோது, வண்டி எவ்வளவு உயரம், பள்ளத்தில் போகுமா என்று அவனைச் சுற்றி வளைத்துக் கேலி செய்ததும் இதே குரூப்பில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை நீங்களே பக்கம் பக்கமாக எழுதினீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். தாமிரபரணி பெருகி இங்கே சந்திப்பு பேருந்து நிலையம், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். கரண்ட் இல்லை, சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. சிக்னல் கிடைத்த கொஞ்ச நேரத்தில் எங்கள் குரூப்பில் முதலில் வந்த கேள்வி "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, மாமாவை யார் கூட்டிப் போறது?" என்பதுதான். கேட்டது அவர் சொந்தக்காரர் இல்லை, தோனி விஷயத்தில் அவரோடு தினமும் சண்டை போடுகிற பையன். குட்டி யானைத் தம்பி வண்டியை எடுத்தான், சுற்று வழியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். யாரும் பட்டியல் தயாரிக்கவில்லை, யாரும் கூட்டம் போட்டுப் பொறுப்புப் பிரிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு யாருக்கு என்ன தேவை என்பது முன்னாலேயே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

குரூப்பைப் பூட்டிய பிறகு நடந்ததையும் சொல்கிறேன். ஒரு தேர்தல் நேரத்தில் இரண்டு பேர் கட்சி விஷயத்தில் கெட்ட வார்த்தை வரைக்கும் போய்விட்டார்கள். உடனே அட்மின் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் வராது, கரண்ட் கட், வரி கட்ட கடைசி நாள், இது மட்டும்தான் வரும். நல்ல விஷயம்தானே என்று முதலில் எல்லாரும் நினைத்தோம். கொஞ்ச நாளில் யாரும் அந்தக் குரூப்பைத் திறந்தே பார்ப்பதில்லை என்று ஆகிவிட்டது. மின்தடை அறிவிப்பு காலையிலேயே வந்திருக்கும், மாவு ஆட்டப் போகும்போதுதான் பலருக்குத் தெரியும். இன்னொரு பக்கம், பேச ஆசைப்பட்டவர்கள் தனித்தனியாகச் சின்னக் குரூப்கள் ஆரம்பித்தார்கள். ஒரே கட்சிக்காரர்கள் ஒரு குரூப், ஒரே சாதிக்காரர்கள் ஒரு குரூப். மறுத்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் பேச்சு எப்படிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை நெல்லை மாவட்டத்துக்காரனாக இன்னும் அழுத்திச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அதை ஒட்டித்தான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. எங்கள் ஊர்ப் பையன்களின் ஸ்டேட்டஸைப் பார்த்தாலே சாதிப் பெருமை எவ்வளவு தூரம் போனுக்குள் போயிருக்கிறது என்று தெரியும். இப்படிப்பட்ட ஊரில் எல்லாச் சாதிக்காரரும் ஒரே இடத்தில் குற்றாலத்தைப் பற்றியும் சொதியைப் பற்றியும் வாயாடுகிற ஒரு குரூப் இருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டுமா, பூட்ட வேண்டுமா? தெருக் குரூப் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தன் வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல் இன்னொருத்தனுக்குத் தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

சரி, வதந்தி? அந்த வாசகர் அதைத்தான் பெரிதாகச் சொல்லியிருந்தார், அவர் பயம் நியாயமான பயம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று அடித்ததில் 65 வயது அம்மா செத்துப்போனார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதே நேரத்தில் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்றார்கள். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். மறக்கவே கூடாத சாவுகள் இவை. ஆனால் அந்தச் சாவுகளுக்கு முன்னால் போனில் வந்தது என்ன? தெருக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதா? எவனோ எங்கேயோ தயாரித்து, கை மாறிக் கை மாறி வந்த ஆடியோவும் வீடியோவும். நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம், இது விழிப்புணர்வுக்காக என்று சொல்கிற கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். 2023 மார்ச்சில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று கிளப்பிவிட்டார்களே, அதுவும் வேறு சண்டைகளின் வீடியோதான். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போகிற அளவுக்கு ஆகிவிட்டது.

வாட்ஸ்அப் நிறுவனமும் இதற்குப் பேச்சை நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில், ஆளோ குரூப்போ, ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றினார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள், அதற்குப் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். நோய் எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரிகிறது. பேசுகிற குரூப்பில் இதற்கு மருந்தும் உண்டு. பொய் வீடியோ ஒன்று வந்து விழுந்தால் "ஏ தம்பி, இது பழைய வீடியோ, அழிச்சிரு" என்று சொல்ல ஒரு அக்கா இருப்பார். பூட்டிய குரூப்பில் அட்மினே ஏமாந்து போட்டுவிட்டால் திருத்த யாருக்கும் வழி கிடையாது.

அட்மின்கள் பூட்டுவதற்கு இன்னொரு காரணம் போலீஸ் பயம். யாரோ போட்டதற்கு நான் ஏன் ஜெயிலுக்குப் போகணும் என்று எங்கள் அட்மினே கேட்டார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சொல்கிறேன். மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021இல், உறுப்பினர் போட்ட ஆட்சேபகரமான பதிவுக்கு, சேர்ந்து திட்டமிட்டார்கள் என்று இல்லாதவரை, அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்கள் குரூப் தொடர்பான வழக்கில், அட்மினாக இருந்தது தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரை இறுதி அறிக்கையில் நீக்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. கேரள உயர் நீதிமன்றமும் 2022இல் இதையேதான் சொன்னது. தவறான பதிவை அட்மினே போட்டாலோ தூண்டிவிட்டாலோ அது வேறு கதை. சும்மா அட்மினாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம்.

எங்கள் குரூப்பைத் திறந்தபோது சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். ஃபார்வர்ட் போடுகிறவர் அதை ஏன் போடுகிறார், அவருக்கு நேரில் என்ன தெரியும் என்று சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டும், இல்லையென்றால் அட்மின் அழித்துவிடுவார். அட்மினால் மற்றவர் செய்தியையும் எல்லாருக்குமாகச் சேர்த்து அழிக்க முடியும், 2022இலிருந்தே அந்த வசதி இருக்கிறது. இந்த ஒரு வரி எழுதச் சொன்னதுமே பாதி ஃபார்வர்ட் நின்றுபோனது. கட்சி பேசலாம், ஆளைப் பேசக்கூடாது. வரம்பு மீறினால் மீறியவரை மட்டும் கொஞ்ச நாள் நீக்கிவைப்பது, அவருக்காக மொத்தத் தெருவின் வாயையும் கட்டுவதில்லை.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு, அதைப் பல அட்மின்கள் கண்டுகொள்வதே இல்லை. குரூப்பிலிருந்து ஒரு பெண்ணின் எண்ணை எடுத்து ராத்திரியில் தனியாக "சாப்பிட்டாச்சா?" என்று அனுப்புகிற ஆண்கள். எங்கள் குரூப்பில் வயசுப் பிள்ளைகள் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் விலகியதற்குக் காரணம் இதுதான் என்று பிறகு தெரிந்தது. இப்போது யாராவது ஒரு பெண் அட்மினிடம் சொன்னால் போதும், அந்த ஆள் அன்றைக்கே வெளியே, காரணம் கேட்டு விசாரணை கிடையாது. இரண்டு அட்மின்களில் ஒருவர் பெண் என்றும் ஆக்கிவிட்டோம். வெட்டிப்பேச்சால் பெண்கள் விலகுகிறார்கள் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். சொதி வாதத்தில் முன்னால் நின்றதே அவர்கள்தான், அவர்களை விரட்டியது இந்த ராத்திரிச் செய்திகள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. வாரத்துக்கு ஒரு நாள், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பொய்ச் செய்திகளில் நம் மாவட்டத்தைப் பற்றியது எது, உண்மை என்ன என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் சொல்வதையும் உங்கள் நிருபர்கள் நேரில் விசாரித்ததையும் சேர்த்துப் போட்டால் போதும். அதைப் போட்டோ எடுத்து, சொந்தமாக ஒரு வரி எழுதி, எங்கள் குரூப்பில் நான் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.