கொடைக்கானல் பயணம்: இந்த வருஷம் இடங்களைக் குறைத்தது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. அந்த 61 நாளுக்குள்தான் காசிமேடு, திருவொற்றியூர் குடும்பங்கள் நம்மோடு மலை ஏறுவது வழக்கம். பிள்ளைகளுக்கும் லீவு. இந்த வருஷத்துக் கொடைக்கானல் நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் பலர் கல்மண்டபம் ஆபீசுக்கே வந்து கேட்டுவிட்டார்கள்: "இன்னாபா, பக்கத்துத் தெரு டிராவல்ஸ்ல பதினெட்டு இடம் போட்டுக்கீறாங்க, நீ பத்தோட நிறுத்திக்கினியே?" நியாயமான கேள்வி. வந்தவர்களிடம் வாயால் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

நோட்டீஸில் பதினெட்டு இடம் அச்சடிப்பது சுலபம். அதில் சாக்லேட் கடை ஒன்று, மெழுகு பொம்மைக் காட்சி ஒன்று, வண்டியை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகக் கைகாட்டும் பள்ளத்தாக்கு நாலு என்று கணக்கு ஏறிவிடும். ஆனால் கொடைக்கானலில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் விஷயம். ஊர் சுமார் 7,000 அடி உயரத்தில், பழனி மலையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. வெயில் ஏறி அடிவாரம் சூடானால் அங்கிருக்கும் ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே வரும். வர வரக் குளிர்ந்து மேகமாகும். பல நாள் உச்சிவெயில் நேரத்துக்கெல்லாம் பாறை விளிம்பு முழுக்க வெள்ளையாக மூடிக்கொள்ளும்.

தூண் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கருங்கல் தூண்கள், ஏறக்குறைய 400 அடி உயரம். மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றால் எதிரே ஒன்றுமே இருக்காது. கம்பியைப் பிடித்தபடி கூட்டம் காத்திருக்கும். திடீரென்று மேகம் ஒரு ஓரமாக விலகும், ஒரு தூணின் இடுப்பு மட்டும் தெரியும், எல்லோரும் "ஓ" என்று கத்துவார்கள், செல்போனை எடுப்பதற்குள் மறுபடியும் மூடிவிடும். கடைசியில் பெயர்ப்பலகையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். பதினெட்டு இடக் கணக்கில் அதுவும் ஒரு இடம்.

ஆகவே விளிம்பில் இருக்கும் இடங்கள் எல்லாம் நமக்குக் காலையில். ஏரி, பூங்கா, கோயில் எல்லாம் மாலையில். மேகம் வந்தாலும் இவை கெடாது, ஏரிக்கு அழகுதான் கூடும்.

முதல் நாள் மலை ஏறும்போதே வெள்ளி அருவி வரும், ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால், 180 அடி. பார்க்க நன்றாக இருக்கும். ஊருக்கு நடுவே இருக்கும் ஏரி நிரம்பி வழிந்து வரும் தண்ணீர்தான் இது என்பதால் குளிக்க வண்டியை நிறுத்தமாட்டோம், கேட்காதீர்கள். ரூமுக்குப் போய் மதியம் வரை ஓய்வு. அதன் பிறகு ஏரி.

அந்த ஏரி இயற்கையாக உண்டானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வெரி லெவிஞ் 1863-ல் ஓடைகளைக் கரைகட்டி மறித்து உண்டாக்கியது. நட்சத்திரம் மாதிரி கை விரித்த வடிவம், சுமார் 60 ஏக்கர். அதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியில் இருந்து மலைமேல் போனது என்று ஊர் வரலாறு சொல்கிறது. மலைச்சாலை இல்லாத காலம் அது. மேலே போனவர்களையே டோலியில் வைத்து ஆள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கடலோரத்துப் படகு அந்த ஏற்றத்தில் ஏறியதை நம் காசிமேட்டு அண்ணன்கள்தான் சரியாகக் கற்பனை செய்ய முடியும். "நடுக்கடல்ல வலை போடுறவன் குளத்துல பெடல் மிதிக்கணுமா?" என்று வருஷாவருஷம் யாராவது கேலி செய்வார்கள். கேலி செய்தவரே பேரனோடு இரண்டாவது ரவுண்டு டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பார். படகு வேண்டாம் என்பவர்களுக்கு ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. நடக்கலாம், வாடகை சைக்கிள் எடுக்கலாம். அதற்காகவே மாலை முழுவதையும் விட்டிருக்கிறோம். ஏரிக்குப் பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா. மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி அங்கேதான் நடக்கும்.

இரண்டாம் நாள் சீக்கிரம் எழுந்தே ஆகவேண்டும். கோக்கர்ஸ் வாக் திறந்ததும் உள்ளே போய்விடுவோம். 1872-ல் லெப்டினென்ட் கோக்கர் மலைச்சரிவை ஒட்டிப் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர்தான், பெரியவர்களும் நடக்கலாம். சூரியன் முதுகுக்குப் பின்னாலும் மூடுபனி முன்னாலும் அமைந்தால் உங்கள் நிழலே வானவில் வளையத்தோடு பனியில் விழும். அது அபூர்வம், நோட்டீஸில் போடவில்லை. அங்கிருந்து மோயர் பாயின்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை எல்லாம் ஒரே பாதையில் மதியத்துக்குள் முடியும். குணா குகையை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டும்தான். உள்ளே உயிர் போயிருக்கிறது, இளவட்டங்கள் எங்கள் ஆளிடம் வாதாட வேண்டாம்.

மாலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936-ல் கட்டியது. வானம் தெளிந்திருந்தால் பழனி தெரியும். "குறிஞ்சிப் பூ காட்டுவீங்களா?" என்று கேட்பவர்களுக்கு: 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அப்போது தனி டிரிப்பே போடுவோம்.

சூரிய ஆய்வகத்தை வழியில் காட்டுவோம். உள்ளே விடுவார்களா என்பது அன்றைய நிலவரம். அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் அது நம்ம ஊர்ச் சொந்தம். நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய வானாய்வகத்தின் வேலைதான் 1899-ல் அந்த மலைக்கு மாறியது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான்.

மூன்றாம் நாள் காலை பூம்பாறை. படிப்படியான வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. பூண்டு அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

டால்பின் நோஸை எடுத்துவிட்டோம்; இறக்கம் செங்குத்து, வேர் வேராகக் காலைத் தடுக்கும், நம் கூட்டத்தில் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், குறைந்த வண்டிகளுக்கே கிடைக்கும். கிடைக்காததை அச்சடிக்க மனமில்லை.

"சொகுசு பஸ்ஸிலேயே போய் வரலாமே" என்பவர்களுக்கு: 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களுக்கு 2024 நவம்பரில் இருந்து கொடைக்கானலில் அனுமதி இல்லை. அதனால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடை ரோடு, அங்கிருந்து வேன், 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வண்டி மலைக்குள் நுழைய ஆன்லைனில் வாங்கும் அனுமதியான இ-பாஸ் எடுப்பது எங்கள் பொறுப்பு. 2025 சீசனில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி வாரநாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று வரம்பு இருந்தது. அதை மனதில் வைத்தே இந்த வருஷமும் திட்டம் போட்டிருக்கிறோம். சனி, ஞாயிறில் எண்ணிக்கை கூடுதல்தான், ஆனால் ஏரிச் சாலையில் அன்றைக்கு வண்டி நகராது. ஆகவே மே 11 திங்கள் இரவு புறப்பாடு, வெள்ளி விடியலில் வீடு. எம்.சி. ரோடு கடைக்காரர்கள் சனி, ஞாயிறு வியாபாரத்தையும் விடவேண்டியதில்லை.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அதாவது மார்ச் 12. அன்று காலையே மேல் படுக்கை, கீழ்ப் படுக்கை எல்லாம் பறந்துவிடும். மார்ச் 10-க்குள் ஆதாரில் உள்ளபடி பெயர், வயது, முன்பணம் ஆபீசில் கொடுத்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று அப்போதே சொல்லுங்கள்.

ஸ்வெட்டர் மே மாதத்திலும் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போடுகிறார்கள். ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள், கேன் தண்ணீர் வேனில் இருக்கும். கொடை ரோட்டில் இறங்கியதும் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வளைவில் குமட்டும். கருவாட்டுத் தொக்கு கொண்டுவரும் ராயபுரம் அக்காக்கள் போன வருஷம் மாதிரியே டப்பாவை இறுக்கி மூடி, டிரைவர் சீட்டுக்குத் தூரமாக வைக்கவும். அவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் கல்மண்டபம் டிராவல்ஸ் ஆபீஸ்