புங்கங்கொட்டை நனைந்தால் டீசல் சோப்பாகிவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரிசிலும் ஏரிக்கரையிலும் புங்கன் நட்டு, ஊராட்சிக்கு ஊராட்சி அதன் விதை எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. வாய்க்கு ஆகாத விதையிலிருந்து எரிபொருள் எடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் பேச்செல்லாம் மரக்கன்றோடு நின்றுவிடுகிறது.

இதே பயோடீசலுக்காக முன்பு காட்டாமணக்கு நட்டுப் பட்டது போதும். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம் என்று சொல்லி நடவைத்தார்கள். மானாவாரியில் செடி பிழைத்துக்கிடந்தது, காய்ப்புதான் இல்லை. காய்த்த இடத்திலும் ஒரே செடியில் பிஞ்சு, பச்சை, பழம், நெற்று எல்லாம் சேர்ந்து நிற்க, பறிகூலி விதை விலையைத் தின்றுவிட்டது. புண்ணாக்கோ விஷம், மாட்டுக்கு வைக்க முடியாது. 2017க்குள் டீசலில் 20 விழுக்காடு பயோடீசல் கலப்போம் என்றது 2009ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. 2018 கொள்கை, பயோடீசலுக்கு 2030க்குள் 5 விழுக்காடு என்று இறங்கி வந்தது.

புங்கன் அதைவிட நம்பகமானது. ஆடு மாடு கடிக்காது, உவர் நிலத்திலும் நிற்கும், பயறு வகை மரம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். புதுக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும் என்பது உண்மைதான். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சாலையோரத்திலும் கரைகளிலும் காய்க்கிற மரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. கோளாறு காய் விழுந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மாசி முதல் சித்திரை வரை நெற்று உதிரும். இடையில் ஒரு கோடை மழை பெய்து, நனைந்த நெற்றை அப்படியே சாக்கில் கட்டி வைத்தால், விதைக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கிவிடும். எண்ணெயோடு மெத்தனால் என்ற விஷச் சாராயத்தையும் காரத்தையும் சேர்த்துத்தான் பயோடீசல் எடுக்கிறார்கள். அமிலம் ஏறிய எண்ணெயில் காரத்தைச் சேர்த்தால் டீசல் பிரியாது, சோப்புதான் உண்டாகும். டேங்கு முழுக்கக் கூழாக நின்றுபோன பயோடீசல் உலைகளின் கதை பெரும்பாலும் இதுதான். எனவே நெற்றைத் தரையிலிருந்து அன்றன்றே பொறுக்க வேண்டும். களத்தில் தார்ப்பாய் விரித்து, விதை ஈரம் 8 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை காயவைக்க வேண்டும். ஓட்டோடு சேமித்து, ஆட்டப்போகும் வாரத்தில் மட்டும் உடைக்க வேண்டும். உடைத்த பருப்பு வெகு சீக்கிரம் கெடும்.

எண்ணெயைச் சோதிப்பது கடினமல்ல. ஒரு மில்லி எண்ணெயை 20 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, காரம் மிகுந்தால் இளஞ்சிவப்பாகும் பீனால்ப்தலின் இரண்டு சொட்டு விட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரை மில்லி மில்லியாக விடுங்கள். இளஞ்சிவப்பு கால் நிமிடம் நிலைக்க மூன்று மில்லிக்கு மேல் தேவைப்பட்டால், அமிலம் 2 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். புங்க எண்ணெய் கருஞ்சிவப்பு என்பதால் நிறம் மாறுவது எளிதில் தெரியாது. வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்ப்பது நல்லது.

அமிலம் அதற்குள் இருந்தால், டீசலாக்க ஒரே கட்டம் போதும். நூறு லிட்டர் எண்ணெயை 110 டிகிரிக்குச் சூடாக்கி ஈரத்தை விரட்டி, 60 டிகிரிக்கு ஆறவிட்டு, 20 லிட்டர் மெத்தனாலில் கரைத்த ஒரு கிலோ காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தைச் சேர்த்து ஒரு மணி நேரம் கலக்கினால், இரவுக்குள் கிளிசரின் அடியில் தங்கி, டீசல் மேலே நிற்கும். 65 டிகிரியை நெருங்கினால் மெத்தனால் ஆவியாகிப் போய்விடும். அமிலம் அதிகமென்றால் முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து ஒரு சுற்று ஓட்டி, மேலே ஒதுங்கும் நீரையும் மெத்தனாலையும் நீக்கியாக வேண்டும். செலவும் நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இத்தனை எதற்கு, எண்ணெயை நேரே பம்புசெட்டில் ஊற்றலாமே என்பார்கள். டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிசுபிசுப்பானது. நாசில் கரி பிடித்து, ரிங் ஒட்டி, எஞ்சின் பட்டறைக்குப் போகும்.

இனி கணக்கு. எக்ஸ்பெல்லர் என்ற எண்ணெய் பிழியும் இயந்திரத்தில் நூறு கிலோ பருப்புக்கு 25 கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல வேலை. ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பருப்பு. கிலோ 25 ரூபாய் என்றாலே பருப்புக்கு மட்டும் நூறு ரூபாய் ஆகிவிடும். மூன்று கிலோ புண்ணாக்கை உரமாக நல்ல விலைக்கு விற்றால்தான் கணக்கு நேராகும். போதாக்குறைக்கு, சோப்புக்காரரும் பூச்சிவிரட்டி செய்பவரும் எண்ணெய்க்கு இதைவிட அதிகம் கொடுப்பார்கள். இதை மறைத்துத் திட்டம் போடுவது நாணயமல்ல.

ஊருக்கு ஊர் உலை வைப்பதை நாங்கள் ஏற்காததற்கு மெத்தனாலும் ஒரு காரணம். அது உரிமம் இன்றி வைத்திருக்கக் கூடாத விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது அதுதான். பகலில் அதன் தீச்சுடர் கண்ணுக்கும் தெரியாது. மகளிர் குழுவின் கொட்டகையில் வைக்கிற சரக்கல்ல. உரிமமும் ஆய்வகமும் உள்ள ஒரே ஆலை, இரண்டு மூன்று மாவட்டங்களுக்குச் சேர்த்து இருக்கட்டும். தண்ணீர் கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், அமில எண் 0.50ஐத் தாண்டாமல் இந்தியத் தர அளவுக்குள் டீசலை நிறுத்த அங்கேதான் முடியும்.

ஊராட்சிக்குத் தரும் பணத்தை உலர்களம், மழை படாத கொட்டகை, ஓடு உடைக்கும் இயந்திரம், ஓர் எக்ஸ்பெல்லர் இவற்றுக்குத் தாருங்கள். கொள்முதலில் எடையை மட்டும் பார்த்து விலை போட வேண்டாம். மேலே சொன்ன சோதனையில் மூன்று மில்லிக்குள் நிற்கும் எண்ணெய்க்கு ஒரு விலை, அதைத் தாண்டியதற்கு ஒரு விலை என்று மாசி பிறக்கும் முன்பே அறிவித்துவிட்டால், நெற்றை யாரும் மழையில் விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
எண்ணெய் வித்துப் பணியில் உள்ள வாசகர்கள்,
தருமபுரி