சோமனூர் முருகேசனுக்கு

தாம்பரம்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. இனி எங்களுக்குத்தான் பரீட்சை, தினமும் காலையில் அவளை எழுப்புவது. மாடித் தொட்டியில் வைத்த கறிவேப்பிலை ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. நீ கொடுத்த கன்றுதான்.

உன் செய்தியைப் பார்த்து மூன்று நாளாகிறது. "மாப்ளே, நீ காதுல மாட்டியிருந்தியே, அதை வாங்கலாமா? வீட்டுல உக்காந்து ஜிஎஸ்டி கணக்குப் போட முடியல, பக்கத்துக் குடோன்ல ராப்பகலா தறி ஓடுது" என்று கேட்டிருந்தாய். காதுக்குள் மாட்டும் அந்த இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸைத்தான் சொல்கிறாய். வாங்கு என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆறேழாயிரம் ரூபாய் போட்டு வாங்கிவிட்டு, தறிச் சத்தம் அப்படியே கேட்கிறதே என்று நீ என்னைத் திட்டுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு இது வந்து இரண்டே கால் வருஷம். தினமும் தாம்பரத்திலிருந்து கோட்டை வரை மின்சார ரயில், போக வர இரண்டு மணி நேரம் காதில் இருக்கிறது. முதல் நாள் சானடோரியம் தாண்டியதும் இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தினேன். சக்கரத்தின் உறுமலும் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியின் கொரகொரப்பும் யாரோ தலையணையால் அமுக்கினது போல இறங்கிவிட்டன. சந்தோஷம் குரோம்பேட்டை வரைதான். "சமோசேய்" என்று ஒருவர் காதுக்குள்ளேயே வந்து கத்தினார். எதிர் சீட்டில் ஒருவர் போனில் சத்தமாக வைத்திருந்த காமெடியும் தெளிவாகக் கேட்டது, முன்னைவிடத் தெளிவாக! ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். பிறகுதான் படித்துப் பார்த்தேன். ஏமாற்று இல்லை, அதன் சுபாவமே அதுதான்.

அதற்குள் நடப்பது இதுதான். வெளிப்பக்கம் ஒரு மைக், காதுக்குள் பார்த்தபடி ஒரு மைக். வெளி மைக் வருகிற சத்தத்தை முந்திக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையைத் தயார் செய்து உள்ளே விடும். அலையின் மேடு இதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் சமனாகிவிடும். மிச்சம் மீதி என்ன என்று உள் மைக் பார்த்துத் திருத்தும். ஒரே சீராக, கனமாக வரும் உறுமலுக்கு இது நன்றாக வேலை செய்யும். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு தடவை அதிரும் முழக்கத்தின் அலை கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் நீளம். நிதானமாக ஏறி இறங்குவதால் பிடித்துவிடலாம். 4,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் அலை 9 சென்டிமீட்டர்கூட இல்லை. கணக்குப் போட ஒரு துளி தாமதமானாலும் மேட்டின் மேல் மேடே விழும், உள்ளதும் கெட்டுப்போகும். அதனால் கீச்சொலிகளை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை, அவற்றைத் தடுப்பது முனையில் இருக்கும் ரப்பர்தான். பேச்சு நடுவில் மாட்டிக்கொண்டது, பாதி போகும், பாதி நிற்கும். உறுமல் போய்விட்டதால் மிச்சப் பாதி இன்னும் துலக்கமாகக் கேட்கும்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1930களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைச் செய்து காட்டும் மின்னணுக் கருவிகள் அன்றைக்கு இல்லை. அப்புறம் 1978இல், போஸ் ஹெட்போன் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகிறார். அப்பா வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர், இவர் பிறந்தது பிலடெல்பியாவில். கொடுத்த ஹெட்போனில் இஞ்சின் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்கவில்லையாம். இறங்குவதற்குள் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வர 1989 ஆனது. ஆகமொத்தம் இது விமான இஞ்சினுக்குப் பிறந்த சமாச்சாரம். உன் ஊர்த் தறிக்கு அல்ல.

இப்போது தறிக்கு வருகிறேன். தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது இரண்டு இடத்தில் மாட்டிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் முன் அறையில் மாட்டியபோது நீயே "அட, பரவால்லையே" என்றாய். அதே கருவியைக் குடோனுக்குள் எடுத்துப் போனபோது ஒன்றுமே செய்யவில்லை. அன்றைக்கு அது ஏன் என்று நமக்கு விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் விஷயம் உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. குடோனுக்குள் நாடா, அதாவது ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிபட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. ஒவ்வொரு அடியும் கட்டையும் இரும்பும் மோதும் "சட்டக்". அதில் கூர்மையான ஒலிதான் அதிகம், கருவிக்குப் பிடிபடாது. உன் அறைக்கு வருவதற்குள் ஒன்பது அங்குலச் சுவர் அந்தக் கூர்மையை எல்லாம் சீவிவிடுகிறது. வந்து சேர்வது மோட்டார் முழக்கமும் அடியின் கனமும்தான். அது இந்தக் கருவிக்குத் தோதான தீனி. சுவர் பாதி வேலையைச் செய்ய, மீதியை இது பார்த்துக்கொள்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தாயானால் போச்சு. மேஜை வழியாக முழங்கைக்கு ஏறும் அதிர்வு இருக்கிறதே, அதற்கு எந்தக் கருவியாலும் வழி இல்லை. மேஜைக் காலுக்கு அடியில் பழைய டயர்த் துண்டு வைத்துப் பார்.

ஆக உன் கணக்கு வேலைக்கு வாங்கலாம். குடோனுக்குள் போக மட்டும் இதை நம்பாதே. என் போனில் இருந்த சத்த அளவி அன்றைக்கு உள்ளே 96 டெசிபல் காட்டியது. போன் அளவி முன்னே பின்னே காட்டும், ஆனாலும் 90ஐத் தாண்டியிருக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உன் அப்பா முப்பது வருஷம் நின்ற இடம் அது, காதில் ஒரு துண்டுப் பஞ்சை வைத்துக்கொண்டு. பஞ்சு அநேகமாக எதையும் தடுக்காது. அன்றைக்கு அவர் என் காதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது சத்தத்தைத் திங்குமா கண்ணு?" என்று கேட்டார். திங்கும் என்று தலையாட்டினேன். "முப்பது வருசத்துக்கு முந்தியே வந்திருக்கோணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முருகேசா.

இப்போது உள்ளே வேலை செய்கிற பையன்களுக்காவது நுரை அடைப்பான் வாங்கிக் கொடுக்கச் சொல். விரலால் உருட்டிச் சன்னமாக்கி, காது மடலை மேல்பக்கம் இழுத்து உள்ளே விட்டு, அது விரியும் வரை பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடி ஒன்றிரண்டு டீ விலைதான். குடோனுக்குள் என் கருவியைவிட அது நன்றாக வேலை செய்யும்.

உன் தங்கை அப்பாவுக்கு ஏர்பாட்ஸ் அனுப்பலாமா என்று கேட்டதாகச் சொன்னாய். ஏர்பாட்ஸ் ப்ரோவைக் காதுகேள் கருவிபோலப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அமெரிக்க அரசு 2024 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் அது லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு. அப்பா அதையெல்லாம் தாண்டியிருப்பார் என்று தோன்றுகிறது. முதலில் காது டாக்டரிடம் காட்டி, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடு.

வாங்குவதாக முடிவு செய்தால், முதலில் பார்க்க வேண்டியது ரப்பர். டப்பாவில் மூன்று அளவு வரும். எல்லோரும் நடு அளவை மாட்டிக்கொண்டு, பாட்டில் பேஸ் (கனத்த ஒலி) இல்லை, வெளிச் சத்தம் போகவில்லை என்று குறை சொல்வார்கள். எனக்கு இடது காதுக்கு நடு அளவு, வலதுக்குச் சின்னது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாசமும் ஒரு நஷ்டமும் ஆனது. பல்லாவரத்தில் இறங்குகிறவர் தோளில் இடித்தார், வலது காதிலிருந்தது தெறித்து பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் போய்விட்டது. ஒற்றை மட்டும் வாங்க முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டால் பாதி விலைக்கு மேல் சொன்னார்கள். வேறு வழி? கொடுத்தேன். நீயும் வாங்குவதற்கு முன்னால் ஒற்றை என்ன விலை என்று கேட்டுவிடு.

டப்பாவில் 50 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பதை மனசில் வைத்துக்கொள்ளாதே. எங்கோ ஒரு தாழ்ந்த ஒலியில், அது அதிகபட்சமாகக் குறைக்கிற இடத்தில் எடுத்த அளவு அது. இரண்டாயிரத்துக்குக் கீழே கிடைக்கும் பலவற்றில் அந்தப் பொத்தானை அழுத்தினால் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல்தான் கூடுதலாக வரும். ஆபீஸில் ஒருவர் போஸ் வைத்திருக்கிறார், மாட்டிப் பார்த்தேன். அடக்குவதில் என்னுடையதைவிட இரண்டு படி மேல். ஆனால் இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. காரணம் பேட்டரி. வாங்கியபோது 6 மணி நேரம் வந்தது, இப்போது மூன்றரைக்கே தொண்டை கட்டுகிறது. உள்ளே இருப்பது சின்ன லித்தியம் பேட்டரி, நம்மால் கழற்றி மாற்ற முடியாது. மூன்று வருஷத்தில் செத்துப்போகிற பொருள் என்று நினைத்துத்தான் காசு போட வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் மணி நேரம் பெரும்பாலும் இரைச்சல் நீக்கம் இல்லாமல் ஓடினால் வருவது, அதையும் கவனி.

நீ பார்ட்டிகளிடம் போனில் பேசுகிறவன், அதனால் மைக் உனக்கு முக்கியம். நம் காதுக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும், எதிராளி படும் பாடு நமக்குத் தெரியாது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று அம்மாவிடம் பேசினேன். "ஏண்டா, தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கிப் பேசறியா?" என்றாள். பஸ் இரைச்சலைச் சீவுகிறேன் என்று என் குரலையும் சேர்த்துச் சீவியிருக்கிறது. கடையில் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள், அதில் மயங்காதே. வாசலுக்கு வந்து ரோட்டோரம் நின்று எனக்கு ஒரு போன் போடு, உள்ளதைச் சொல்கிறேன்.

வண்டி ஓட்டும்போது போடவே போடாதே, அவிநாசி ரோட்டு லாரிகளை நீ கேட்டாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காதுக்குக் காற்றுக் காட்டு. ஐப்பசியில் எனக்கு உள்ளே அரிப்பு வந்து, பத்து நாள் சொட்டு மருந்து விட்டேன்.

அடுத்த மாசம் இரண்டாவது சனிக்கிழமையைச் சேர்த்து லீவு போட்டிருக்கிறேன், சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. விடிகாலையில் திருப்பூரில் இறங்கிவிடுவேன். அதுவரை வாங்காதே. என்னுடையதைக் கொண்டு வருகிறேன், இரண்டு நாள் கணக்கு வேலை முழுக்க மாட்டிக்கொண்டே செய்து பார். பையன்களுக்கு இருபது ஜோடி நுரை அடைப்பானும் வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலன்று நடு ரப்பர் உனக்கு நழுவி நழுவி விழுந்தது, சின்ன ரப்பரை மறக்காமல் எடுத்து வருகிறேன்.

உன்,
செல்வராசு