அழைப்பு இரு பக்கமும் செல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியட்நாம், அமெரிக்கக் கல்லூரிகளிடையே நடைபெறும் பேராசிரியர் பரிமாற்றத்தைப் பற்றிப் பேசுவோர், அதற்கு உதவிய பணத்தின் கதையையும் அறிந்திருக்க வேண்டும். 1975இல் வீழ்ந்த தென் வியட்நாம் அரசு அமெரிக்காவிடம் பட்டிருந்த கடனில் ஏறத்தாழ 14.5 கோடி டாலரை அடைப்பதற்கு, அந்த அரசை எதிர்த்துப் போரிட்டு வென்றவர்களே 1997இல் ஒப்புக்கொண்டனர். அவ்வாறு திரும்பி வந்த தொகையிலிருந்து ஆண்டுக்கு 50 லட்சம் டாலரை ஒதுக்கி, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமெரிக்க நாடாளுமன்றம் வியட்நாம் கல்வி அறக்கட்டளையை நிறுவியது. வியட்நாமிய மாணவர்கள் அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் மேற்படிப்பைப் பயிலவும், அமெரிக்கப் பேராசிரியர்கள் வியட்நாமில் கற்பிக்கவும் அது துணைநின்றது. அதன் பணி 2018இல் நிறைவுற்றது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

ஒரு வாரம் வந்து உரையாற்றிச் செல்லும் பயணங்களால் பெரும்பயன் விளையாது. ஹோ சி மின் நகரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1994இல் தொடங்கிய பொருளாதாரக் கற்பித்தல் திட்டம், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே இடத்தில் வேரூன்றியதால்தான், 2016இல் அனுமதி பெற்ற ஃபுல்பிரைட் பல்கலைக்கழகத்திற்கு அடித்தளமாக முடிந்தது. ஆகவே, வரும் பேராசிரியர் ஒரு பருவம் முழுவதும் தங்கி, உள்ளூர் ஆசிரியர்களுடன் அமர்ந்து பாடத்திட்டம் வகுக்க வேண்டும். அதேபோல், போரின் வரலாற்றை அமெரிக்க வகுப்பறைகளில் கற்பிக்க ஹனோய், ஹுவே நகரங்களின் பேராசிரியர்களையும் அமெரிக்கக் கல்லூரிகள் அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்