சனிக்கிழமைப் பட்டியல்: டிரம் அண்ட் பேஸ்

நண்பர்களே, புதுப் பாட்டுகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. அதனால் டிரம் அண்ட் பேஸ் (வேகமான டிரம்மும் பேஸ் என்னும் கனத்த தாழ்ந்த ஒலியும் சேர்ந்த மின்னிசை) பாட்டுகளின் நம் பட்டியல் இனி சனி காலையில் வரும்.

ஆஸ்திரேலிய இசைக்குழு பெண்டுலத்தின் ‘இனர்ஷியா’ கேட்காதவர்கள் அதில் தொடங்குங்கள். 2010க்குப் பிறகு, 15 வருடம் கழித்து, 2025 ஆகஸ்டில் வந்த முழு ஆல்பம். கிட்டார் கொஞ்சம் தூக்கல், எனக்குப் பிடித்தது. பிரிட்டிஷ் பாடகி நியா ஆர்கைவ்ஸின் 2024 ஆல்பம் வேறு மாதிரி: ஜங்கிள் (டிரம் அண்ட் பேஸுக்கு முன்னோடியான இசை) தாளம், மேலே பிரிட்பாப் (90களின் பிரிட்டிஷ் கிட்டார் பாப்) வாசனையுள்ள மெட்டு.

அப்புறம், போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘வெறும் டப்பா சத்தம்’ என்று எழுதாதீர்கள். நிமிடத்துக்கு 174 தாளத் தட்டு வேகத்தில் ஓடும் டிரம்முக்குக் கீழே பேஸ் பாதி வேகத்தில், ஆற அமர நடக்கும். அது போனில் கேட்கவே கேட்காது. ஹெட்போன் போடுங்கள்.

லிங்க் அனுப்பும்போது ஒரிஜினலா, ரீமிக்ஸா என்று ஒரு வரி சேருங்கள், சரியா?