வயிற்று வலியும் கப்ராஹட்டும்

அன்புள்ள பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்குகிறது. மதிப்பெண் பற்றி வகுப்பாசிரியர்கள் பேசுவார்கள். நான் எழுதுவது வேறு விஷயம்.

அரையாண்டில் கணக்குத் தேர்வன்று காலை இரண்டு பிள்ளைகள் என் அறைக்கு வந்தார்கள். "வயிறு வலிக்குது சார்" என்றான் பையன். பயத்தில் வரும் வலி என்று பார்த்ததுமே தெரிந்தது. ஓமத் தண்ணீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து அனுப்பினோம். பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணோ "கப்ராஹட்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். புரியவில்லை. "போய் எழுதும்மா" என்று அனுப்பிவிட்டேன். அவள் விடைத்தாளில் பெயரும் எண்ணும் மட்டுமே இருந்தன. நெஞ்சு படபடத்து, இருப்புக் கொள்ளாமல் தவிப்பதற்கு இந்தியில் அதுதான் சொல் என்று அப்புறம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். தவறு என்னுடையது.

உள்ளூர்ப் பிள்ளைகளைப் பெரும்பாலும் அரிப்பது ஒப்பீடு. ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. சித்தப்பா மகன் எத்தனை எடுத்தான் என்ற பேச்சு மட்டும் வீடுகளில் நிற்கவில்லை. இந்தப் பெண்ணுக்குக் கவலை வேறு. தமிழ்த் தாள் ஒரு பக்கம். அம்மா பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் போனால் சமையலும் தம்பியும் இவள் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பதும் இவள்தான். மடியில் படுத்து அழப் பாட்டி பக்கத்தில் இல்லை. இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறார். "அம்மாவுக்கு எதுக்கு சார் இன்னொரு கஷ்டம்" என்று வாயை மூடிக்கொண்டாள். அடக்கமான பிள்ளை என்று நாங்களும் மெச்சிக்கொண்டிருந்தோம்!

அதற்காக ஊரை வைத்துப் பிள்ளையை எடை போட முடியாது. அதே பீகாரிலிருந்து வந்த இன்னொருத்தி எல்லாவற்றையும் வகுப்பில் கொட்டித் தீர்த்துவிடுவாள். சத்தமில்லாமல் நகம் கடிக்கும் உள்ளூர்ப் பையன்களும் உண்டு.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். மனசு சரியில்லாதபோது உங்கள் பிள்ளை வீட்டில் என்ன சொல்லும், என்ன செய்யும் என்று உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறோம். லைன் வீட்டில் ஒரே அறையில் படிக்க இடமில்லாதவர்களுக்காக மாலை 6.30 வரை ஒரு வகுப்பறை திறந்திருக்கும். இரவில் அவசரமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் இந்தியிலும் பேசுவார்கள்.

இக்கடிதத்தின் இந்திப் பிரதி பின்பக்கத்தில் உள்ளது. எழுதிக் கொடுத்தது அந்த எட்டாம் வகுப்புப் பையனின் அப்பா.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்