ஹில்டி பெண்ணானபோது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை உறுதியாகிவிட்டது.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். பழைய கதாபாத்திரங்களின் நிறத்தையும் பாலினத்தையும் மாற்றுவது மூலக்கதைக்குச் செய்யும் துரோகம் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடல்கன்னிக் கதையில் கடல்கன்னிக்கு இளவரசன் கிடைப்பதே இல்லை. டிஸ்னி 1989இல் எடுத்த படத்தில் முடிவையே மாற்றிக் கல்யாணம் செய்துவைத்தது, நாமும் ரசித்துப் பார்த்தோம். 2023இல் அதை மறுபடி எடுத்து, கறுப்பினப் பெண்ணான ஹாலி பெய்லி அந்த வேடத்தில் நடித்தபோது மட்டும் ஏன் அத்தனை வசை? அந்தப் பெண் என்ன தவறு செய்தாள்?

ஆனால் உன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2016இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளிப் படத்தில் சுலு என்ற பழைய பாத்திரத்தைத் தன்பாலீர்ப்பாளராகக் காட்டினார்கள். பழைய தொலைக்காட்சித் தொடரில் முதலில் அந்த வேடத்தில் நடித்த ஜார்ஜ் டக்கேயே தன்பாலீர்ப்பாளர், அந்த உரிமைகளுக்காகக் குரல் கொடுப்பவர். அவரே இதை வரவேற்கவில்லை. புதிதாக ஒரு பாத்திரத்தைப் படைத்திருக்கலாம் என்றார். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு முக்கியம், அந்த மாற்றம் கதைக்குள் இறங்குகிறதா என்பதுதான். 1928இல் வந்த 'தி ஃப்ரண்ட் பேஜ்' நாடகத்தில் ஹில்டி ஜான்சன் ஓர் ஆண் நிருபர். கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட நினைக்கிறான், பத்திரிகை ஆசிரியர் விட மறுக்கிறார். 1940இல் ஹோவர்ட் ஹாக்ஸ் அதை 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' என்று படமாக எடுத்தபோது ஹில்டியைப் பெண்ணாக்கினார், அதுவும் அந்த ஆசிரியரின் முன்னாள் மனைவியாக! உடனே எல்லாமே வேறாகிவிடுகிறது. அவர் தடுப்பது நல்ல நிருபரை இழக்க மனமில்லாமலா, அவளையே இழக்க மனமில்லாமலா? அவளுக்கும் வேலையா, அமைதியான குடும்பமா என்ற தவிப்பு. ஆண் ஹில்டியிடம் இந்தக் கனம் வராது.

மைல்ஸ் மொராலஸும் அப்படித்தான். 2011இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம், ஸ்பைடர்மேனாக இருந்த பீட்டர் பார்க்கருக்கு வேறு நிறம் பூசவில்லை. புரூக்ளினில் கறுப்பினத் தந்தைக்கும் போர்ட்டோ ரிக்கோ வழித் தாய்க்கும் பிறந்த மைல்ஸ் என்ற சிறுவனிடம் ஸ்பைடர்மேன் முகமூடியைக் கொடுத்தது. அவனுக்கென்று ஒரு வீடு, பயம், பள்ளி எல்லாம் இருந்தன.

முகத்தை மட்டும் மாற்றி விளம்பரம் தேடும் படங்கள்மேல்தான் எனக்குக் கோபம். எழுத்தில் உழைக்காமல், வருகிற வசவை எல்லாம் நடிப்பவர் தலையில் விட்டுவிடுகிறார்கள்.

அந்த 1940 படத்தைப் பார்த்துவிட்டு எழுது. ஹில்டி ஆணாகவே இருந்திருக்க வேண்டும் என்று அப்போதும் சொல்வாயா?

அன்புடன்,
உன் நண்பன்